தண்டலும் பேரேடும்

நுழையும்முன்

குடும்பத்தின் பணக்கவலை வருவாய்க் குறைவினால் மட்டும் தோன்றுவதன்று. பணம் வரும் நாளும் செலவு வந்து நிற்கும் நாளும் ஒன்றாக அமையாமையும் அதற்குக் காரணமாகும். அந்த இடைவெளியைக் கடக்கத் தமிழக மகளிர் கண்ட வழியொன்றை இப்பாடம் விளக்குகிறது.

பூக்கட்டி விற்கும் பெண்ணொருவரை எண்ணிப் பாருங்கள். முகூர்த்த நாள்களில் அவருடைய வருவாய் பெருகும். மார்கழியில் திருமணங்கள் இல்லை; ஆயினும் வீட்டு வாடகையும் மருந்துச் செலவும் நிற்பதில்லை. அவ்வேளையில் வாசல் தேடி வருவது தண்டல் கடன். 10,000 ரூபாய் என்று பேசி, 1,500 ரூபாயை முன்னரே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் தருவர். நாளொன்றுக்கு 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். வட்டி 1,500தானே எனத் தோன்றும். ஆனால், கடன் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆண்டு வட்டி நூற்றுக்கு நூறைத் தாண்டிவிடுகிறது!

கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு சட்டம் இயற்றப்பட்டது. எனினும், அவசரத்திற்குக் கடன் பெற நேர்மையான இடம் வேறு இல்லாதவருக்குச் சட்டம் மட்டும் போதாது. அத்தகைய இடத்தை உருவாக்கும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1989ஆம் ஆண்டு, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் அமைக்கப்பட்டன. 1992இல் நபார்டு வங்கி, இத்தகைய குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் திட்டத்தை நாட்டளவில் தொடங்கியது.

குழுவின் வலிமை சேமிப்புத் தொகையின் அளவில் இல்லை. அதன் ஒழுங்கில் இருக்கிறது. குறித்த நாளில் கூட்டம் நடைபெறும். ஒவ்வோர் உறுப்பினரும் ஒரே அளவு தொகையைச் செலுத்துவர். எவருக்குக் கடன், எத்தனை தவணை என்பன அனைவர் முன்னிலையிலும் முடிவாகித் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படும். சேமிப்பும் கடனும் பேரேட்டிலும் உறுப்பினரின் கைப்புத்தகத்திலும் பதிவாகும். ஊக்குநர், பிரதிநிதிகள் ஆகியோருள் இருவர் கையொப்பமிட்டாலன்றி வங்கியிலிருந்து பணம் எடுக்க இயலாது. உறுப்பினர் செலுத்தும் வட்டியும் வெளியே செல்லாமல் குழுவின் பொது நிதியிலேயே சேர்கிறது.

பூ விற்கும் பெண்ணுக்கு இதனால் மார்கழி வருவாய் கூடிவிடவில்லை. ஆனால், யாரிடம் கேட்பது, எவ்வளவு கிடைக்கும், எப்போது திருப்புவது என்பவை முன்கூட்டியே தெரிகின்றன. கவலையின் பெரும்பகுதி இந்தத் தெளிவிலேயே கரைந்துவிடுகிறது.

எல்லாக் குழுக்களும் நிலைத்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் அறிந்த குழுவொன்றில் கணக்கெழுதும் பொறுப்பு முழுவதும் ஒருவரிடமே விடப்பட்டது. மற்றவர்கள் கைப்புத்தகத்தைத் திறந்தும் பார்க்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் அங்குப் பெயர்ப்பலகை மட்டுமே எஞ்சியது. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் அவ்வீடுகளில் இருந்தனர். அவர்களிடம் எவரும் கேட்கவில்லை.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டிலோ தெருவிலோ குழு உறுப்பினர் இருப்பின், அவருடைய இசைவுடன் கைப்புத்தகத்தின் மூன்று மாதப் பதிவுகளைக் கூட்டிச் சரிபார்த்து, அவருக்கே படித்துக் காட்டுக.