முதலில் வீடு

அன்புள்ள கயல்,

சமூகப்பணிப் படிப்பில் சேர்ந்ததுமே நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய். "தெருவில் வாழும் குடிநோயாளிக்கு, குடியை விடும் முன்பே வீடு கொடுத்தால் அது குடிக்குத் துணைபோவது ஆகாதா, சித்தப்பா?"

அமெரிக்காவில் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். முதலில் விடுதி, பிறகு சிகிச்சை, போதையில்லாமல் இருந்து காட்டினால் கடைசியில் வீடு. நடுவில் ஒருமுறை தவறினால் மறுபடி தெரு. நோய் முற்றியவர்களில் பலர் கடைசிப் படியைத் தொடவே இல்லை. ராத்திரி எங்கே படுப்பது என்று தெரியாத ஒருவர் குறித்த நாளில் மருத்துவரைப் பார்ப்பதும், மாத்திரையைத் தொலைக்காமல் வைத்துக்கொள்வதும் எப்படி நடக்கும்?

1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். மனநோயும் போதைப்பழக்கமும் சேர்ந்து வாட்டியவர்களுக்கு அவரது அமைப்பு முதலிலேயே வீடு கொடுத்தது. வருமானத்தில் 30 சதவீதம் வாடகை. பணியாளர்கள் வந்து பார்ப்பதற்குச் சம்மதம். போதையை விட்டாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் 88 சதவீதம் பேர் வீட்டில் நிலைத்திருந்தார்கள். பழைய முறையில் நிலைத்தவர்கள் 47 சதவீதமே.

சியாட்டில் நகரம் இன்னும் துணிந்தது. 2005இல் அங்கே திறந்த '1811 ஈஸ்ட்லேக்' குடியிருப்பில் வீடற்ற குடிநோயாளிகள் 75 பேர் தங்கலாம். தங்கள் அறையில் குடிக்கவும் தடையில்லை. 2009இல் வெளியான ஆய்வில், அவர்களுக்காக மருத்துவமனைக்கும் சிறைக்கும் ஆன செலவு பெருமளவு குறைந்திருந்தது. குடியும் படிப்படியாகக் குறைந்திருந்தது.

ஆனால் வீடே மருந்து என்று நினைத்துவிடாதே. கனடாவில் 2009 முதல் ஐந்து நகரங்களில் இம்முறையைச் சோதித்தார்கள். வீட்டில் நிலைத்தவர்களின் எண்ணிக்கை கூடியது. போதைப்பழக்கம் மட்டும், வழக்கமான உதவி பெற்றவர்களிடம் குறைந்ததைவிட அதிகமாகக் குறையவில்லை. சாவியைக் கையில் கொடுத்ததோடு வேலை முடிவதில்லை. மருத்துவம், ஆலோசனை, அக்கறையோடு கதவைத் தட்டும் ஆள் எல்லாம் கூடவே வேண்டும். 2008இல் 'முதலில் வீடு' முறையை நாட்டின் கொள்கையாகவே ஏற்ற பின்லாந்து, பழைய விடுதிகளைத் தனிக் குடியிருப்புகளாக மாற்றியது. துணைக்குப் பணியாளர்களையும் அமர்த்தியது. பின்வந்த ஆண்டுகளில் அங்கே வீடற்றோர் எண்ணிக்கை பெருமளவு குறைந்தது.

ஆகவே கயல், என் பதில் இதுதான்: வீடு நல்நடத்தைக்குத் தரும் பரிசு அல்ல, மனிதருக்கு உரியது. நாளை களப்பணிக்குப் போகும்போது, "குடியை எப்போது விடுவீர்கள்?" என்று தொடங்காதே. "இன்று ராத்திரி எங்கே தங்குவீர்கள்?" என்று கேள்.

அன்புடன்,
உன் சித்தப்பா