மூன்று மருந்துகளும் ஒரு மீனவரும்

மாமல்லபுரத்திற்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் என் தாய்மாமன் வாழ்கிறார். அவர் உடம்பில் ஐந்துக்கும் மேற்பட்ட, தொட்டால் உணர்வில்லாத, வெளிறிய படைகள் தோன்றின. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொழுநோய் என்று கண்டறிந்து, மாத்திரை அட்டை கொடுத்தனர். முதல் வேளை மருந்து உண்ட அன்றே சிறுநீர் செந்நிறமாயிற்று. “ரத்தம் போவுதுடா, இதை எப்படி முழுங்குவேன்?” என்று அஞ்சிய மாமா, அட்டையை வலைக்கூடையில் ஒளித்து வைத்துவிட்டார். விடுமுறையில் சென்றிருந்த எனக்கும் அதற்கு விடை தெரியவில்லை. அதைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

தொழுநோய்க்கும் நம் செங்கற்பட்டிற்கும் நெடுநாள் தொடர்பு உண்டு. நகரை அடுத்த திருமணியில் 1924-இல் தோன்றிய தொழுநோய் மருத்துவமனை, 1955-இல் மத்திய அரசின் போதனை, ஆராய்ச்சி நிலையமாயிற்று. டாக்டர் ராபர்ட் காக்ரேன் பணியாற்றிய இடம் அது.

பல்லாண்டுகள் டாப்சோன் என்ற ஒரே மருந்தே கொடுக்கப்பட்டது. நாளடைவில் அதற்கு அடங்காத கிருமிகள் பெருகின. ஒரு வலைக்குத் தப்பும் மீன் மூன்று வலைகளுக்குத் தப்புவது அரிதன்றோ? எனவே ரிபாம்பிசின், குளோபசிமின், டாப்சோன் ஆகியவற்றைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்து சிகிச்சையை 1981-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு பரிந்துரைத்தது.

படைகள் ஐந்துக்கு மேற்பட்டால் பன்னிரண்டு அட்டைகள் உண்ண வேண்டும். ஓர் அட்டை 28 நாட்களுக்கு உரியது. பெரியவர்கள் முதல் நாளில் ரிபாம்பிசின் 600 மில்லிகிராம், குளோபசிமின் 300 மில்லிகிராம், டாப்சோன் 100 மில்லிகிராம் ஆகியவற்றைச் சுகாதாரப் பணியாளர் முன்னிலையில் உண்பர். மற்ற நாட்களில் குளோபசிமின் 50, டாப்சோன் 100 மில்லிகிராம் வீட்டிலேயே உண்பர். சிறுவர்க்கு அளவு வேறு. ஆதலால் ஒருவர் அட்டையை மற்றவர் உண்ணலாகாது.

சிறுநீர் சிவப்பது ரிபாம்பிசினின் நிறமே, ரத்தமன்று. குளோபசிமினால் தோல் கருக்கும். மருந்து முடிந்தபின் மெல்ல மாறும். இவற்றுக்கு அஞ்சி மருந்தை நிறுத்தலாகாது. ஆனால் உடலெங்கும் அரிப்புத் தடிப்போ, கண்ணில் மஞ்சளோ தோன்றினால், அடுத்த மாத்திரையை உண்ணாமல் உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். படைகள் சிவந்து வீங்கினாலும், நரம்பு வலித்தாலும், கை கால் வலுவிழந்தாலும் அதே நாளில் மருத்துவரைக் காணவேண்டும். அப்போது கூட்டு மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. இதில் தாமதித்தால் ஊனம் நிலைத்துவிடும்.

இவற்றை அறிந்தபின் மாமாவை மீண்டும் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்றேன். செவிலியர் அம்மையார் கடிந்து கொள்ளவில்லை. விட்ட நாட்களைக் கணக்கிட்டு, மீண்டும் தொடங்கச் செய்தார். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பிறருக்குத் தொற்றும் நிலை நீங்கிவிடுகிறது என்றும் சொன்னார். அதைக் கேட்டபின்தான் என் அத்தை தனியே வைத்திருந்த தட்டை மற்றத் தட்டுகளோடு சேர்த்தார்.

பன்னிரண்டாம் அட்டையும் முடிந்தது. மாமா கடலுக்குப் போகிறார். நண்பர்களே, உங்கள் ஊரிலும் யாரேனும் ஓர் அட்டையை ஒளித்து வைத்திருக்கலாம். அவரிடம் அன்போடு கேளுங்கள், அறிந்ததைச் சொல்லுங்கள்.