சூப்பர்மேனை அளக்கும் மடக்கை

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்கிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதைமாந்தராகி, "நான் இதைச் செய்கிறேன்" என்கிறார்கள். அது நடக்குமா என்பதை விதிகளும் பகடையும் முடிவு செய்கின்றன. இவையே பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகள்.

அமெரிக்காவில் மேஃபேர் கேம்ஸ் நிறுவனம் 1985-இல் வெளியிட்ட 'டிசி ஹீரோஸ்' இவ்வகையைச் சேர்ந்தது. அதை வடிவமைத்த கிரெக் கார்டனுக்கு ஒரு சிக்கல் இருந்தது. சாதாரண மனிதனும் இதில் உண்டு. மலையைப் பெயர்க்கும் சூப்பர்மேனும் உண்டு. இருவரின் வலிமையையும் ஒரே அளவுகோலில் குறிப்பது எப்படி?

அவர் கண்ட வழி இதுதான். எடையில் 50 பவுண்டுக்கு 0 புள்ளி. 100 பவுண்டுக்கு 1, 200-க்கு 2, 400-க்கு 3. ஒரு புள்ளி கூடினால் அளவு இரட்டிக்கும். 50 புள்ளிக்குரிய எடையைப் பவுண்டில் எழுதினால் பதினேழு இலக்கங்கள் வரும்! நீங்கள் வகுப்பில் படிக்கும் மடக்கையே இது. அடிமானம் மட்டும் 10 அல்ல, 2.

இதனால் கணக்கும் எளிதாகிறது. தூரத்தில் 0 புள்ளி என்பது 10 அடி. காலத்தில் 4 விநாடி. 4 விநாடியில் 10 அடி செல்வது 0 புள்ளி வேகம். ஒரு காரின் வேகம் 5 புள்ளி என்க. 4 புள்ளிக் காலத்தில் அது எவ்வளவு தூரம் செல்லும்? 5 + 4 = 9 புள்ளி.

சரிபார்ப்போமா? 5 புள்ளி வேகம் என்பது 4 விநாடிக்கு 320 அடி; அதாவது விநாடிக்கு 80 அடி. 4 புள்ளிக் காலம் 64 விநாடி. பெருக்கினால் 5,120 அடி. 9 புள்ளித் தூரமும் 10 × 512 = 5,120 அடியே! பெருக்கல் கூட்டலாகிவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2 புள்ளி வலிமையுள்ள இருவர் சேர்ந்தால் 4 புள்ளியா? பலர் இங்கேதான் தவறுகிறார்கள். ஒருவர் 200 பவுண்டு தூக்குவார். இருவர் 400 பவுண்டு. அது 3 புள்ளிதான்! 4 புள்ளி என்றால் 800 பவுண்டு ஆகிவிடும். புள்ளிகளைக் கூட்டுவது அளவுகளைப் பெருக்குவதாகும். அளவுகளைக் கூட்ட வேண்டுமானால், முதலில் புள்ளியைப் பவுண்டாக மாற்ற வேண்டும்.

ஒலியை அளக்கும் டெசிபலிலும் இதே கதைதான். 60 டெசிபல் ஒலி தரும் இரண்டு இயந்திரங்கள் ஒன்றாக ஓடினால் 120 டெசிபல் அன்று. ஏறத்தாழ 63 டெசிபலே.

இந்த முறையில் ஓர் இழப்பும் உண்டு. 400 பவுண்டுக்கும் 800 பவுண்டுக்கும் நடுவே முழுப் புள்ளி இல்லை. நுட்பத்தை விட்டுக்கொடுத்தே பரந்த வீச்சைப் பெறுகிறோம்.

இனி உங்களுக்கொரு கணக்கு: 5 புள்ளி வலிமையுள்ள எட்டுப் பேர் சேர்ந்து தூக்கினால் எத்தனை புள்ளி? 40 என்று எழுதிவிடாதீர்கள்!

(விடை: 8)