ஜரிகை எடையை எழுதியது யார்? ஒற்றை உள்நுழைவு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆரணிப் பட்டுத் தொழிலில் தறி ஓடும் இடம் ஒன்று, கணக்கு ஓடும் இடம் வேறொன்று. தேவிகாபுரத்திலோ ஒண்ணுபுரத்திலோ இருக்கும் வீட்டுத் தறிக்குச் சாயமேற்றிய பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார்கள். சேலை நெய்து வந்ததும் அதையும் எடை போட்டு, மீதியைக் கழித்துக் கூலி தருவார்கள். முன்பு இந்தக் கணக்கெல்லாம் நோட்டில் இருந்தது. இன்று பல கடைகளில் இணையவழிக் கணக்குச் செயலிக்கு மாறிவிட்டது.

நோட்டில் கையெழுத்தைப் பார்த்தே எழுதியவர் யாரென்று சொல்லிவிடலாம். செயலியில் கடை முழுவதற்கும் ஒரே பயனர் பெயர், ஒரே பாஸ்வேர்டு என்றால் அந்தத் தடயம் போய்விடும். கொடுத்த ஜரிகை 200 கிராமா, 250 கிராமா என்று பேச்சு வரும்போது, பதிவைத் திருத்தியது யாரென்று ஒருவராலும் சொல்ல முடியாது. சந்தேகம் கடைசியில் நெசவாளர் மீதுதான் விழும். பிடித்தமும் அவர் கூலியில்தான். ஆளுக்கு ஒரு நுழைவு வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

அப்படி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து திறக்கவும் மூடவும் வழி செய்வதே சிங்கிள் சைன்-ஆன் எனப்படும் ஒற்றை உள்நுழைவு. இதைப் பற்றி உலவும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: எல்லாச் செயலிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதுதான் ஒற்றை உள்நுழைவு.

உண்மை: இரண்டும் நேரெதிர். ஒரே பாஸ்வேர்டைப் பத்து இடத்தில் வைத்தால் ஏதோ ஓரிடத்தில் கசிந்தாலும் பத்தும் போகும். ஒற்றை உள்நுழைவில் கணக்குச் செயலிக்குப் பாஸ்வேர்டு தெரியவே தெரியாது. நுழைய வருபவரை அது அடையாள வாயிலுக்கு அனுப்பிவைக்கும். கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் என்ட்ரா, நம் ஊர் நிறுவனமான ஜோஹோவின் டைரக்டரி எல்லாம் அப்படிப்பட்ட வாயில்கள்தாம். வாயில் ஆளைச் சோதித்து, மின்கையொப்பமிட்ட சீட்டு ஒன்றைக் கொடுத்து அனுப்பும். சிறிது நேரத்துக்கு மட்டுமே செல்லும் அந்தச் சீட்டின் கையொப்பம் சரியாக இருந்தால் செயலி கதவைத் திறக்கும். இந்தச் சீட்டுக்கான பொதுவிதிகள் புதியவையல்ல. எஸ்ஏஎம்எல் 2.0 என்ற தரம் 2005இல் வந்தது, ஓப்பன்ஐடி கனெக்ட் 2014இல் வந்தது.

ஒரு வாயிலை நம்பி எல்லாவற்றையும் வைப்பது ஆபத்தில்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அடையாள வாயில் நடத்துவதையே தொழிலாகக் கொண்ட ஆக்டா நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவி அமைப்புக்குள்ளேயே 2023இல் திருடர்கள் புகுந்தார்கள். ஆபத்து ஓரிடத்தில் குவிகிறது என்பது மெய். காவலையும் அங்கேயே குவிக்க முடியும் என்பது அதற்கான பதில். பாஸ்வேர்டோடு இரண்டாவது சோதனை ஒன்று, அதாவது கைப்பேசிச் செயலியில் வரும் எண்ணோ பாதுகாப்புச் சாவியோ, வாயிலில் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாமல் ஒற்றை உள்நுழைவை அமைக்கவே வேண்டாம்.

நம்பிக்கை: 'கூகுள் மூலம் நுழைக' என்ற பொத்தானை அழுத்துகிறோமே, அது போதும்.

உண்மை: யாருடைய கூகுள் கணக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஊழியரின் சொந்த ஜிமெயில் அவருடையது. அவர் வேலையை விட்டுப் போனால் அந்தக் கணக்கை நீங்கள் மூட முடியாது, மூடவும் கூடாது. கடையின் பெயரில் இணைய முகவரி வாங்கி, அதில் ஊழியருக்கு மின்னஞ்சல் கொடுத்தால்தான் திறக்கவும் மூடவும் உரிமை கடைக்கு வரும்.

நம்பிக்கை: ஒற்றை உள்நுழைவை அமைத்தாகிவிட்டது, இனிக் கவலையில்லை.

உண்மை: என் பார்வையில் மிக அதிகக் கேடு செய்யும் நம்பிக்கை இதுதான். புது வாசல் வைத்துவிட்டுப் பழைய வாசலைப் பூட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2024இல் உலகமே பார்த்தது. ஸ்னோஃப்ளேக் என்பது பெரிய நிறுவனங்கள் தங்கள் தரவைச் சேமிக்கும் மேகக் கணினிச் சேவை. அதன் வாடிக்கையாளர் கணக்குகளில் வெறும் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்தே திருடர்கள் நுழைந்தார்கள். சுமார் 165 நிறுவனங்களுக்கு எச்சரிக்கை போனது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி, தன் கைப்பேசி வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய அனைவரின் அழைப்பு விவரங்களையும் பறிகொடுத்தது. ஸ்னோஃப்ளேக்கின் சொந்தக் கட்டமைப்பு உடைந்ததற்குச் சான்று இல்லை என்றது விசாரணை நடத்திய மேன்டியன்ட். பயனர்களின் கணினியில் புகுந்த திருட்டு மென்பொருள் அள்ளிச் சென்ற பாஸ்வேர்டுகள் அவை. சில 2020இலேயே திருடப்பட்டவை. யாரும் மாற்றவில்லை, இரண்டாவது சோதனையும் இல்லை.

அதே சமயம் ஸ்னோஃப்ளேக் தன் வீட்டுச் செய்தி ஒன்றையும் ஒப்புக்கொண்டது. வேலையை விட்டுப் போன ஊழியர் ஒருவரின் செயல்விளக்கக் கணக்குகளுக்குள்ளும் திருடர்கள் போயிருந்தார்கள். முக்கியத் தரவு எதுவும் அங்கே இல்லை. ஆனால் அந்தக் கணக்குகள் நிறுவனத்தின் ஒற்றை உள்நுழைவுக்கு வெளியே கிடந்திருக்கின்றன. அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே ஒரு பழைய வாசல் திறந்து கிடந்தது என்றால், முகூர்த்த சீசனுக்கு ஆள் வந்து போகும் கடையில் எத்தனை வாசல் திறந்திருக்கும்? போனவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவருடைய பழைய பாஸ்வேர்டு வேறொருவர் கைக்குப் போனால் போதும்.

ஆகவே ஒற்றை உள்நுழைவு வேலை செய்யத் தொடங்கியதும், செயலியின் அமைப்பில் பாஸ்வேர்டு வழி நுழைவை நிறுத்திவிட வேண்டும். ஆள் போகும்போது வாயிலில் அவர் கணக்கை முடக்கினால் புதிதாக நுழைய முடியாது, சரி. ஆனால் அவர் கைப்பேசியில் ஏற்கெனவே திறந்திருக்கும் செயலி இன்னும் சில நாள் ஓடலாம். அதையும் வெளியேற்றுங்கள். இணையக் கடையைக் கணக்கோடு இணைக்க அவர் உருவாக்கிய ஏபிஐ சாவிகள் இருந்தால், அவை இந்த வாயில் வழியாக வருபவையே அல்ல. தனியாக அழிக்க வேண்டும். வாயிலில் முடக்கியதும் செயலியிலும் தானாக முடங்கச் செய்ய ஸ்கிம் என்றொரு இணைப்பு முறை உண்டு. அது இல்லாத இடத்தில் கையால்தான் செய்தாக வேண்டும்.

நம்பிக்கை: இதையெல்லாம் அமைக்கச் சென்னையிலிருந்து பொறியாளர் வர வேண்டும்.

உண்மை: பொறுமையான ஆள் ஒருவர் போதும். இரண்டு பக்கமும் தகவல் மாற்றிக்கொள்வதுதான் வேலை. சீட்டு வந்து சேர வேண்டிய முகவரியையும் தன் அடையாளப் பெயரையும் செயலி தரும். அவற்றை வாயிலில் பதியுங்கள். வாயில் தன் நுழைவு முகவரியையும் கையொப்பச் சான்றிதழையும் தரும். அவற்றைச் செயலியில் பதியுங்கள். பெரும்பாலும் ஆள் மாட்டிக்கொள்வது மின்னஞ்சலில்தான். செயலியில் பழைய ஜிமெயில், வாயிலில் புது முகவரி என்று இருந்தால் கதவு திறக்காது. அல்லது அதே ஆளுக்குப் புதிதாக இன்னொரு கணக்கு முளைத்து, பழைய பதிவுகள் வேறொரு பெயரில் நின்றுவிடும். முதலில் முகவரிகளைச் சரிசெய்துவிட்டு அமைப்பில் கைவையுங்கள்.

சோதிக்கும்போது நிர்வாகி நுழைந்திருக்கும் திரையை மூடாதீர்கள். வேறொரு கணினியில் ஒரே ஒரு ஊழியரை வைத்துப் பாருங்கள். வாயில் என்றாவது படுத்துவிட்டால் நுழைய, ஒற்றை உள்நுழைவுக்கு வெளியே ஒரே ஒரு அவசர நிர்வாகிக் கணக்கு இருக்கட்டும். நீண்ட பாஸ்வேர்டு, தனி இரண்டாவது சோதனை, உறையில் ஒட்டி பீரோவுக்குள். சான்றிதழுக்குக் காலக்கெடு உண்டு என்பதையும் மறக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் என்ட்ராவில் வழக்கமாக 3 ஆண்டு, கூகுளில் 5 ஆண்டு. கெடு தீர்ந்த காலையில் ஒருவரும் உள்ளே போக முடியாமல் நிற்கலாம். தினசரிக் காலண்டரில் முகூர்த்த நாளைக் குறிப்பது போல அந்தத் தேதியையும் குறித்து வையுங்கள்.

நம்பிக்கை: ஒருமுறை அமைத்தால் எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

உண்மை: வராது. கடைக் கணினியில் நிறுவிய டேலியில் பயனர் பட்டியல் தனி. இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்கள் உங்கள் கடையின் வாயிலை ஏற்காது. ஆனால் அங்கும் ஆளுக்கு ஒரு நுழைவு உண்டு. அந்தத் தளங்களில் இரண்டாவது சோதனை 2025 ஜனவரி 1 முதல் 20 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கும், பிப்ரவரி 1 முதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கும், ஏப்ரல் 1 முதல் அனைவருக்கும் கட்டாயம். பல கடைகளில் ஓடிபி முதலாளி கைப்பேசிக்கு வந்து, அவர் கல்யாண வீட்டிலிருந்து போனில் படித்துச் சொல்ல, இங்கே பில் போடுகிறார்கள். தேவையே இல்லை. துணைப் பயனர்களைச் சேர்க்கலாம். ஓடிபி அவரவர் கைப்பேசிக்கே போகும்.

நம்பிக்கை: சின்னக் கடைக்கு இது கட்டாது.

உண்மை: இதில் பாதி உண்மை இருக்கிறது. பல செயலி நிறுவனங்கள் ஒற்றை உள்நுழைவை விலை கூடிய திட்டத்தில் மட்டுமே வைத்திருக்கின்றன. கதவுக்குப் பூட்டைத் தனி விலைக்கு விற்பது போன்ற இந்த வழக்கம் தவறு. செயலி வாங்கும்போதே இதைக் கேட்டு, விலை பேசுங்கள். கட்டவில்லை என்றால், செயலிக்குள்ளேயே ஆளுக்கு ஒரு கணக்கும் இரண்டாவது சோதனையும் வைத்துக்கொள்ளுங்கள். ஜரிகை எடையை எழுதியது யார் என்ற கேள்விக்கு அதுவே பதில் தந்துவிடும்.

அதற்கு முன், இன்று கடை அடைப்பதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். கணக்குச் செயலியின் பயனர் பட்டியலைத் திறந்து, இப்போது உங்களிடம் வேலை பார்க்காத ஒவ்வொருவரின் கணக்கையும் முடக்கிவிடுங்கள்.