மேல் நட்டை முதலில் கழற்றுங்கள்: கியர் ஒயில் மாற்ற அக்காவின் டிப்ஸ்

கினிகத்தேனைக்கு இறங்குகிற வானும், றம்பொடை வளைவுகளில் மரக்கறி கொண்டுபோகிற லொறியும் பாதி வழி ரெண்டாம், மூன்றாம் கியரில்தான் ஓடும். அந்தப் பாரமெல்லாம் கியர் பொக்ஸின் தலையில். நீங்களோ எஞ்சின் ஒயிலை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறீர்கள்! சத்தம் வந்த பிறகு கராஜுக்கு ஓடினால் செலவு பெரிது. வீட்டிலேயே செய்யலாம், ஆனால் ஒழுங்காகச் செய்யுங்கள்.

1. மேல் நட்டை முதலில் கழற்றுங்கள். பெரும்பாலான கார், வான்களில் பக்கவாட்டில் மேலே இருக்கும் நட் ஒயில் ஊற்ற, அடி நட் வடிக்க. அவசரப்பட்டு அடியைத் திறந்து எல்லாவற்றையும் வடித்தபின் மேல் நட் அசையாவிட்டால் என்ன செய்வீர்கள்? வண்டியை ஓட்டவே முடியாது. மேலது இறுகியிருந்தால் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஓர் இரவு விடுங்கள். அதுவரை அடி நட்டில் கை வைக்காதீர்கள். மேலது அசைந்துவிட்டால், வண்டியை நகர்த்துமுன் திரும்ப இறுக்கிவிடுங்கள்.

2. சமதரை தேடுங்கள். லயத்து வாசல் சரிவில் வேண்டாம், தோட்டத்து மைதானத்துக்குக் கொண்டுபோங்கள். ஊற்றும் துளையின் கீழ் விளிம்புதான் அளவு. வண்டி சாய்ந்திருந்தால், முன்பக்கம் மட்டும் ஜெக்கில் நின்றால், அளவு பிழைத்துவிடும். கருங்கல்லை அடுக்கி அதன்கீழ் படுக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், உயிர் போகும். முறையான ஸ்டாண்ட் வாங்குங்கள்.

3. பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு வடியுங்கள். சூட்டில்தான் ஒயில் அழுக்கோடு சேர்ந்து இறங்கும். சைலன்சர் குழாயில் கை படாமல் பாருங்கள்.

4. வடிக்கும் நட்டின் காந்தத்தைத் துடைக்குமுன் பாருங்கள். விரலில் மை மாதிரி ஒட்டுகிற சாம்பல் நிறப் பசை வழக்கமானது. நகத்தில் தட்டுப்படுகிற இரும்புத் துண்டு வந்தால் கராஜ் பாஸிடம் காட்டுங்கள். ஒயில் பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

5. கடைக்காரர் தருவதை அப்படியே ஊற்றாதீர்கள். வண்டியின் கையேட்டில் ஜிஎல்-4 தர ஒயில் என்றிருந்தால் அதுவேதான். ஜிஎல்-5 சில கியர் பொக்ஸ்களில் பித்தளை வளையங்களைக் கெடுக்கும். நுவரெலியாவில் உறைபனி விழும் ஜனவரிக் காலையில் 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90ஐ விட இலகுவாக ஓடும், ஆனால் கையேடு அனுமதித்தால் மட்டும். ஊற்றுமுன் போத்தலைச் சுடுதண்ணிப் பேசினில் வைத்தால் குழாயில் சீக்கிரம் இறங்கும்.

6. வொஷர் புதிது போடுங்கள். பலம் காட்டி முறுக்க வேண்டாம், அலுமினியப் பெட்டியின் மரை போய்விடும்.

பிழை நடந்துவிட்டதா? பதறாதீர்கள்.

- ஒயில் கூடிவிட்டால் மேல் துளையால் வழியவிட்டுப் பிறகு மூடுங்கள். மிச்சம் சீல் வழியாகக் கசிந்து கிளச்சில் படலாம்.
- எஞ்சின் ஒயில் நட்டைத் திறந்துவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். நட்டை மூடி, எஞ்சின் ஒயிலை நிரப்பி, அளவுக்கம்பியில் பார்த்த பிறகே ஸ்டார்ட்.
- தவறான ஒயில் ஊற்றியிருந்தால் வண்டியை ஓட்டாமல் வடித்துவிட்டுச் சரியானதை ஊற்றுங்கள்.
- மரை போய்விட்டால் டேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம். கராஜில் புது மரை போட்டுத் தருவார்கள்.

பழைய ஒயிலைக் கானில் ஊற்றினீர்களோ, எனக்குக் கெட்ட கோபம் வரும். டிக்கோயா ஓடைகள் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகின்றன, அந்தத் தண்ணீர்தான் களனி கங்கையாகக் கொழும்புவரை போய்க் குடிதண்ணீராகிறது. உங்கள் பீலியும் பக்கத்தில்தான். கேனில் அடைத்துக் கராஜில் கொடுங்கள். மறுநாள் காலை வண்டிக்கு அடியில் ஒரு பழைய பேப்பர் விரித்து, சொட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.