நாலு சக்கர மோட்டாரும் தார் ரோடும்



செம்பனைத் தோட்டங்கள் சிலவற்றில் இப்போது ஏடிவி என்னும் நாலு சக்கர மோட்டார் வந்துவிட்டது. மண்டோர் அதில் காட்டைச் சுற்றி வருகிறார். உர மூட்டை ஏற்றுகிறார்கள், மருந்துத் தொட்டியைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். வேலைக்கு நல்ல வண்டிதான். ஆனால் அது கேட்டைத் தாண்டித் தார் ரோட்டில் ஏறுகிறதே, அதைப் பற்றித்தான் இந்த முறை பேச வேண்டியிருக்கிறது. சாயங்காலமானால் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராக ஏறிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கேட்டால், "சும்மா ஒட்டுக்கடை வரைக்கும்தான் ஐயா" என்று பதில் வருகிறது. பெரியவர்களும், "மோட்டார் சைக்கிளுக்கு ரெண்டு சக்கரம், இதுக்கு நாலு. எப்படிங்க கவுரும்?" என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லோரியோ காரோ வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் ஓட வேண்டும். அதற்காக அச்சில் டிப்ரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி இருக்கிறது. பட்டறையில் வேலை செய்கிற அண்ணன்மார்களுக்கு இது நன்றாகத் தெரியும். பெரும்பாலான ஏடிவிகளின் பின் அச்சில் அது கிடையாது. இரண்டு சக்கரமும் ஒரே தண்டில் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. செம்மண்ணிலும் சேற்றிலும் இதனால் தொல்லை இல்லை. உள்சக்கரம் கொஞ்சம் வழுக்கிக் கொடுத்துவிடும். தார் ரோடு அப்படி விடாது, டயரைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் ஹேண்டிலைத் திருப்புகிறீர்கள், வண்டி நேராகவே போகப் பார்க்கிறது. பயந்துபோய் இன்னும் பலமாகத் திருப்புகிறீர்கள். திடீரென்று டயர் பிடிக்கிறது, வண்டி பக்கவாட்டில் கவிழ்கிறது.

டயரையும் அமுக்கிப் பாருங்கள். கார் டயரில் 30 பவுண்டு காற்று இருந்தால் இதில் 5 பவுண்டு போலத்தான் இருக்கும். மண்ணில் புதையாமல் போவதற்காக அப்படி மெத்தென்று செய்திருக்கிறார்கள். தாரில் வேகமாகப் போனால் அது நெளியும், வண்டி அலையும். போதாததற்கு வண்டி உயரம், அகலமோ குறைவு. சீட்டு நீளமாக இருக்கிறதே என்பீர்கள். அது ஓட்டுகிறவர் மேட்டில் முன்னாலும் இறக்கத்தில் பின்னாலும் நகர்ந்து உடம்புப் பாரத்தை மாற்றுவதற்கு விட்ட இடம். பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் அந்த இடம் போச்சு. தார் ரோட்டில் ஓட்டாதே, ஆள் ஏற்றாதே, 16 வயதுக்குக் குறைந்தவரைப் பெரிய வண்டியில் ஏற விடாதே என்று வண்டி செய்த கம்பெனிகளே எச்சரிக்கை ஒட்டி அனுப்புகின்றன. யார் படிக்கிறார்கள்? புது வண்டி வந்த வாரத்திலேயே அதைச் சேறு மூடிவிடுகிறது.

அமெரிக்காவில் முதலில் மூன்று சக்கர வண்டிகள்தான் ஏராளமாக ஓடின. சாவும் காயமும் பெருகி, 1988-இல் அவற்றின் விற்பனையை நிறுத்தினார்கள். நாலு சக்கரம் வந்த பிறகும் அங்கே ஏடிவியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பொதுச் சாலையில்தான் சாகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல், பண்ணை வேலைக்கான புது வண்டிகளில் கவிழ்ந்தால் ஆளை நசுக்காதபடி ஒரு பாதுகாப்புச் சட்டம் பொருத்தியே விற்க வேண்டும்.

நம் ஜொகூரில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். அது ஏடிவி அல்ல, சைக்கிள். ஆனாலும் ரோட்டுக்கு ஆகாத வண்டி ரோட்டில் இருந்தால் என்னவாகும் என்பதற்கு அதுவே போதும். 18-2-2017 விடியற்காலை 3 மணியளவில் ஜொகூர் பாரு ஜாலான் லிங்காரான் டாலாமில் பிள்ளைகள் கூட்டமாக 'பாசிக்கால் லாஜாக்' ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பிரேக்கைக் கழற்றி, ஹேண்டிலையும் சீட்டையும் தாழ்த்தி, படுத்தபடி ஓட்டுகிற சைக்கிள் அது. வளைவும் இருட்டுமான அந்த ரோட்டில் ஒரு கார் மோதி 8 பேர் மாண்டார்கள். எல்லாரும் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள். கார் ஓட்டிய பெண்ணை மாஜிஸ்திரேட் கோர்ட் இரண்டு முறை விடுதலை செய்தது. 2022-இல் உயர் நீதிமன்றம் 6 ஆண்டு சிறை விதித்தது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆறு வருஷத்துக்கு மேல் வழக்கு நடந்தது.

பத்து பகாட்டிலிருந்து ஆயர் ஈத்தாம், குளுவாங் வழியாக மெர்சிங் போகிற 50-ஆம் நம்பர் கூட்டரசுச் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். மசங்கின நேரத்தில் குலை லோரி வருகிறது. சிக்னல் விளக்கில்லாத, சேறு பூசிய ஒரு வண்டி தோட்டத்து வழியிலிருந்து திடீரென்று ஏறினால் டிரைவர் எப்படிப் பார்ப்பார்?

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி பதிவும் ரோட் டாக்ஸும் இன்சூரன்ஸும் லைசென்ஸும் இல்லாமல் பொதுச் சாலையில் மோட்டார் வண்டி ஓட்டக்கூடாது. தோட்டத்து ஏடிவிக்கு இவையெல்லாம் எங்கே இருக்கிறது? வழியில் போகிறவரை இடித்துவிட்டால் நஷ்டம் உங்கள் தலையில்தான் விழும். ஒரு டிவிஷனிலிருந்து இன்னொன்றுக்குப் பெரிய ரோட்டு வழியாக ஓட்டிப் போகச் சொல்லி மேலே இருப்பவர்கள் உத்தரவிட்டால், முடியாது என்று மரியாதையாகச் சொல்லுங்கள், கிளைச் செயலாளரிடமும் தெரிவியுங்கள். வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் 1-6-2024 முதல் அமலில் இருக்கிறது. உடனடி ஆபத்தை முதலாளிக்குத் தெரிவித்தும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால் அந்த வேலையை விட்டு விலகிக்கொள்ளத் தொழிலாளிக்கு அதில் உரிமை உண்டு.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். இந்த வண்டி 200, 300 கிலோ இருக்கும். பத்துப் பன்னிரண்டு செம்பனைக் குலை ஒன்றாக நெஞ்சில் விழுந்த மாதிரி. அடியில் மாட்டியவர் உடம்பில் பெரிய காயமே இருக்காது. நெஞ்சு விரிய முடியாமல் மூச்சு முட்டியே போய்விடுவார். ஆகவே முதலில் இன்ஜினை நிறுத்துங்கள். நாலு பேர் சேர்ந்து வண்டியை நேராகத் தூக்குங்கள், ஆள்மேல் உருட்டவோ இழுக்கவோ வேண்டாம். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை பலமாக அமுக்குங்கள். மூச்சு இருந்தால் தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ரத்தம் வருகிற இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். தைலம் தேய்க்காதீர்கள். "பாவம், மயக்கமா இருக்கு" என்று மைலோ கலக்கிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதுவும் கூடாது. மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோவது எல்லாவற்றையும் விட மோசம். முதுகெலும்பு முறிந்திருந்தால் கால் இரண்டும் விழுந்துவிடும்.

எழுந்து நடந்து வீட்டுக்குப் போனவரையும் ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள். ஹேண்டில் வயிற்றில் குத்தியிருந்தால் உள்ளே மண்ணீரல் கிழிந்து ரத்தம் கசியலாம், வெளியே ஒன்றும் தெரியாது. முகம் வெளுத்து, குளிர்ந்து வேர்த்து, தாகம் எடுக்கும். இடது தோள்பட்டையில் அடிபடாமலே வலி வரும். தலையில் பட்டவர் வாந்தி எடுத்தாலோ, எழுப்பினால் எழாமல் தூங்கினாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், காலை வரைக்கும் காத்திருக்காதீர்கள்.

999-க்கு அழைக்கும்போது தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. ரோட்டு நம்பர், பக்கத்திலுள்ள கிலோமீட்டர் கல், எந்த டிவிஷன், எத்தனை பேருக்கு அடி, பேச்சு இருக்கிறதா என்று சொல்லுங்கள். இரவு நேரமானால் கேட் முன்னால் ஒருவரை டார்ச் லைட்டோடு நிறுத்தி வையுங்கள். செம்பனைக்குள் எல்லா வழியும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆம்புலன்ஸ் டிரைவருக்கு நம் லயம் தெரியாது.