ட்ராக் டேக்கு எந்த பிரேக் பேட்?

மளிகையும் மண்டியும் நடத்தும் நம் சங்க அன்பர்களுக்கு ரேஸ் பிரேக்கைப் பற்றிப் பாடம் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி இரவுக் கார் பந்தயம் நடந்தது. அதற்குப் பிறகு ஜி.பி. ரோட்டில் எங்கள் கடைக்கு வந்து, "ட்ராக் டேக்குப் போறேன், நல்ல பேடா குடுங்க" என்று கேட்கும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். பலர் தி.நகர், மயிலாப்பூர், அடையாறு வியாபாரிகளின் வீட்டுப் பிள்ளைகள். பணம் நம் கல்லாவிலிருந்து போகிறது. எதற்குப் போகிறது என்று தெரிந்துகொள்வது நல்லதுதானே.

ட்ராக் டே என்பது பந்தயம் அல்ல. கட்டணம் கட்டி, சொந்தக் காரையே பந்தயத் தடத்தில் வேகமாக ஓட்டிப் பார்ப்பது. முன்பு சோழவரத்தில், யுத்தகால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடக்கும். எங்கள் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1990-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் திறந்தது. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர்.

பிரேக்கின் வேலை ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது. ஆயிரம் கிலோ எடையுள்ள காரை உஸ்மான் ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தினால் பிறக்கும் சூடு ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதே கார் தடத்தில் 140-லிருந்து 60-க்கு இறங்கினால் பிறக்கும் சூட்டில் இரண்டு லிட்டர் தண்ணீர் கொதிக்கும். அதுவும் ஒரே மிதியில். அடுத்த வளைவில் மறுபடி இரண்டு லிட்டர். ஆறுவதற்கு நேரமே கிடையாது. இதில் பெரும்பங்கு முன் சக்கரத்து பேடுகள் மேல்தான் விழுகிறது.

கம்பெனியிலிருந்து காரோடு வரும் பேட் பெரும்பாலும் ஆர்கானிக் வகை. நார்களையும் தூள்களையும் பிசினில் கட்டி அழுத்திச் செய்தது. சத்தம் இருக்காது, டிஸ்க்கைத் தின்னாது, பச்சைச் சூட்டிலும் பிடிக்கும். ஆனால் சுமார் 300 டிகிரியைத் தாண்டினால் பிசின் கருகி வாயு கிளம்பும். பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. அடுத்தது செமி மெட்டாலிக். இரும்பு நார் கலந்தது, சூடு தாங்கும், கொஞ்சம் கிறீச்சிடும், சக்கரம் கரியாகும். மூன்றாவது முழு ரேஸ் பேட். 500 டிகிரியிலும் அசராது. விலையும் பல மடங்கு.

இங்கேதான் நாங்கள் ஒரு தவறு செய்தோம். சில வருடங்களுக்கு முன், அடையாறு வாடிக்கையாளர் ஒருவரின் மகன் வந்து கேட்டபோது, இருப்பதிலேயே விலை கூடிய ரேஸ் பேடைக் கொடுத்து அனுப்பினோம். ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டையில் பிரமாதமாக ஓட்டியிருக்கிறான். பேடை மாற்றாமலே திங்கள் விடியற்காலை பாட்டியைக் கபாலி கோயிலுக்கு அழைத்துப் போயிருக்கிறான். தெப்பக்குளத்துப் பக்கம் மிதித்ததும் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. ஓரமாக இருந்த கீரை வண்டியில் இடித்து, அந்த அம்மாவுக்குக் கால் முறிந்தது. ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டார். எங்களிடம் ஒன்றுதான் கேட்டார்: "அண்ணாச்சி, விலை கூடினதைத்தானே குடுத்தீங்க, அது ஏன் நிக்கல?"

அன்று எங்களிடம் பதில் இல்லை. விசாரித்துத் தெரிந்துகொண்ட பதில் இது: ரேஸ் பேட் நன்றாகப் பிடிக்க 150, 200 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும். விடியற்காலையில், ஒரு டம்ளர் தண்ணீர்ச் சூட்டில் அது முழித்தே இருக்காது. பாஸ்மதி விலை கூடியதுதான். அதைப் போட்டு இட்லிக்கு மாவு அரைப்போமா?

ஆகவே அதே காரில் போய் ஓட்டி அதே காரில் வீடு திரும்புகிறவர்களுக்கு இப்போது நாங்கள் கொடுப்பது நல்ல செமி மெட்டாலிக்தான். ரேஸ் பேட்தான் வேண்டும் என்றால் தடத்தில் மாட்டி, கிளம்புமுன் கழற்றிவிட வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாத பிள்ளைக்கு நாங்கள் விற்பதில்லை.

பேடின் முதுகிலோ விளிம்பிலோ இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதலாவது சாதாரணச் சூட்டில் பிடிமானம், இரண்டாவது அதிகச் சூட்டில். 'இ' என்றால் 0.25 முதல் 0.35, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55. 'எஃப் இ' என்று இருந்தால் சூடேறினால் பிடி குறையும் சரக்கு என்று அர்த்தம். டெலிவரி வேனுக்கு வாங்கும்போதும் இதைப் பார்க்கலாம். ஆனால் அந்தச் சோதனை சுமார் 340 டிகிரியோடு முடிந்துவிடுகிறது. தடத்துக்கு அது முழுச் சாட்சி ஆகாது. எழுத்தே இல்லாத, பில் இல்லாத பேட் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். பாடியிலும் அம்பத்தூரிலும் பிரேக் சாமான் தொழிற்சாலைகளை வைத்துக்கொண்டு நம் ஊர்க்காரர்கள் போலி வாங்குவது வெட்கக்கேடு.

பேடைவிட முக்கியம் பிரேக் ஆயில். உப்பு மூட்டை எப்படி ஈரம் இழுக்கும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பிரேக் ஆயிலும் அப்படித்தான். நம் கடற்கரைக் காற்றில் கேட்கவே வேண்டாம். டாட் 3 ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140. டாட் 4-க்கு 230, ஈரத்தில் 155. கொதித்தால் குழாயில் ஆவி நின்று, பெடல் தரை வரை இறங்கிவிடும். பெடல் கல்லானால் குற்றம் பேடில், தரைக்குப் போனால் ஆயிலில். தடத்துக்குப் போகும் வாரத்தில் காருக்கு ஒத்துவரும் புதிய டாட் 4 மாற்றிவிடுங்கள். சீல் உடைத்த பழைய டப்பாவில் மிச்சமிருப்பதை ஊற்றாதீர்கள்.

புதுப் பேடைப் பழக்காமல் தடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. காலி ரோட்டில் 60-லிருந்து 15, 20 வரை, முழுதாக நிறுத்தாமல், இடைவெளி விட்டுப் பத்துத் தடவை மிதிக்க வேண்டும். தடத்தில் நாலைந்து சுற்றுக்கு ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிட வேண்டும். பேட் பாதி தேய்ந்திருந்தாலே தடத்துக்கு ஆகாது.

ஓட்டி முடித்து வண்டியை நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தபடி நிற்கக் கூடாது, ஹேண்ட் பிரேக்கும் போடக் கூடாது. கொதிக்கும் பேட் டிஸ்க்கில் ஒட்டி அச்சு விழுந்துவிடும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரைமணி நேரம் ஆறிய பிறகு வீட்டுக்குக் கிளம்பலாம்.